அடையாற்றங்கரையின் பழைய வரைபடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். 2015 வெள்ளம் வடிந்த பிறகு, அடையாற்றுப் படுகையின் பழைய நில வரைபடங்களைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடங்களிலும் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலும் அவற்றை மேசையில் விரித்து வைக்கும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், எனக்குத் தெரிந்த அளவில் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

"டோப்போ ஷீட், டோப்போ ஷீட்னு சொல்றீங்களே, அதுவும் கூகுள் மேப் மாதிரிதானே?"

கூகுள் மேப் வழி சொல்வதற்காக வந்தது. சாலை, கடை, பேருந்து நிறுத்தம் எல்லாம் அதில் பளிச்சென்று இருக்கும், நிலம் மங்கலாக இருக்கும். டோப்போ தாள் என்பது நிலத்தின் அமைப்பைக் காட்டும் 'டோப்போகிராஃபிக்' வரைபடம். அதில் முதலிடம் நிலத்துக்குத்தான். எது மேடு, எது பள்ளம், தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வழியாக ஓடுகிறது, கரை எங்கே, கிணறு எங்கே, பனந்தோப்பு எங்கே என்று ஒரு நில அளவையாளர் காலால் நடந்து பார்த்துப் பதித்தவை அதில் இருக்கின்றன. மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா 1767-லிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது.

பழைய தாள்கள் பெரும்பாலும் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் இருக்கும், அதாவது 1:63,360. மெட்ரிக் முறை வந்த பிறகு 1:50,000 ஆனது. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

"அடையாறுக்குன்னு தனியா ஒரு தாள் இருக்கா? 66 சி, 66 டின்னு என்னமோ எண் போட்டிருக்கே, அது என்ன கணக்கு?"

தனித் தாள் இல்லை. ஆற்றைப் பார்த்துத் தாள் வெட்டுவதில்லை, அட்சரேகை தீர்க்கரேகையைப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். 4 பாகை அகலம், 4 பாகை உயரம் உள்ள பெரிய கட்டத்துக்கு ஓர் எண். சென்னை இருப்பது 66-ல். அதை 1 பாகைக் கட்டங்களாகப் பிரித்து எழுத்து கொடுக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்துக் கட்டத்தையும் 16 தாள்களாக வெட்டுகிறார்கள். ஒரு தாள் 15 கலை உயரம், 15 கலை அகலம் (ஒரு பாகைக்கு 60 கலை). நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் சதுரம்.

13 பாகை அட்சரேகை நம் ஆற்றுக்குக் குறுக்கே போகிறது. அதனால் மேற்பகுதியான ஆதனூர், முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் 66 டி/1-ல் விழும். மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை 66 சி/4-ல். கோட்டூர்புரம் தாண்டி முகத்துவாரம் வரை 66 சி/8-ல். ஆக, நாற்பது கிலோமீட்டர் சொச்சம் ஓடுகிற ஒரு சின்ன ஆற்றுக்கு மூன்று தாள்கள் வேண்டும். பலர் ஒரே தாளை வாங்கிவைத்துக்கொண்டு "ஆறு திடீர்னு நின்னுடுச்சே" என்று கேட்பது இதனால்தான். மூன்றையும் ஓரம் வெட்டி ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். ஆறு முழுதாகத் தெரியும்போது வருகிற புரிதலே வேறு.

"நம்ம பக்கத்தை முதல்ல அளந்தது யாரு? வெள்ளைக்காரன் வந்த பிறகுதானா?"

காகிதத்தில் வரைந்தது அவர்கள். அளந்தும் கணக்கு வைத்தும் வந்தவர்கள் ஊர்க் கணக்குப்பிள்ளைகள். எந்த ஏரிக்கு எவ்வளவு ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், எந்த மதகில் யாருக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்பது அவர்கள் ஓலையில் இருந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரில் சுமார் 2,000 ஊர்களின் விவரத்தைத் திரட்டினார். அடையாற்றுப் படுகை முழுக்க அதற்குள்தான் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி வேண்டும், அதற்குக் கணக்கு வேண்டும். கணக்கு ஏற்கெனவே ஓலையில் இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், "அவங்க வரைஞ்ச பிறகுதான் நமக்கு நம்ம நிலம் தெரிஞ்சுது" என்று பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது சரியில்லை.

அப்புறம் நடந்தது உலக அளவில் பெரிய காரியம். 1794-ல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து இன்று அடையாற்றின் தென்பக்கம் நிற்கிற கிண்டி பொறியியல் கல்லூரி. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஓர் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நீளம் ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை நீட்டி வைத்து அளந்தார்கள். ஏப்ரல், மே வெயிலில் எஃகு நீளும் அல்லவா, அதனால் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்துக்கொண்டு அந்த நீட்சியைக் கணக்கில் சரிசெய்தார்கள். 57 நாள் ஆனது. இமயமலை வரை பின்னால் போன முக்கோண அளவைக்கு முதல் கோடு இதுதான். பரங்கிமலையில் லாம்டனுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. படி ஏறிப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று தெற்கே பாருங்கள், அந்தக் கோடு போன திசை அது.

"மேப்புல நீலமா இருக்கிற இடமெல்லாம் ஏரியா? நீலம் இல்லாத இடமெல்லாம் தரையா?"

இரண்டும் இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதித் தாளைப் படித்துவிடலாம்.

நம் பக்கத்து ஏரி ஆண்டு முழுக்கத் தண்ணீரோடு இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும், பங்குனி, சித்திரையில் மாடு மேயும். அளவையாளர் வந்த மாதம் என்னவோ அதைப் பொறுத்து நீலத்தின் பரப்பு மாறும். வறண்ட ஓடைகளைக் கறுப்புக் கோடாகவே போட்டிருப்பார்கள். அதனால் நீலத்தைத் தேடாதீர்கள், கரையைத் தேடுங்கள். வில் மாதிரி வளைந்த ஒரு கோடு, அதன் பக்கவாட்டில் சீப்புப் பல் போலச் சின்னச் சின்னக் கோடுகள். அதுதான் ஏரிக்கரை. சில இடங்களில் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். கரை பக்கத்து நிலத்தைவிட அத்தனை மீட்டர் (அங்குலத் தாளில் அத்தனை அடி) உயரம் என்று பொருள்.

ஏரி என்பது தண்ணீர் மட்டும் இல்லை. வரத்து வாய்க்கால், கரை, மதகு, நிரம்பிய நீர் வழிகிற கலங்கல், உபரி போகிற கால்வாய், கீழே ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்தது. தண்ணீர் வற்றிப்போகலாம், கரை அவ்வளவு சுலபமாக மறையாது. வரைபடத்தில் கரைக்கோட்டின் இரண்டு நுனிகளையும் விரலால் தொட்டு, அங்கிருந்து எந்த மெல்லிய கோடு கிளம்புகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கலங்கல் அங்கேதான் இருக்கும். அந்தக் கோடு அடுத்த ஏரிக்குள் போய் நுழையும். அங்கிருந்து இன்னொன்று கிளம்பும். இப்படி ஒன்றன் கீழ் ஒன்றாகக் கடைசியில் ஆற்றில் சேரும்.

"எங்க தெரு ஏரியில கட்டினதான்னு இதைப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

பேட்டையைச் சொல்லலாம், தெருவைச் சொல்வது கஷ்டம், வீட்டைச் சொல்லவே முடியாது. முதல் பதிலில் சொன்ன அளவை எடுத்துக்கொள்ளுங்கள். 1:63,360 தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 63 மீட்டர். பேனாக் கோட்டின் தடிமனிலேயே இரண்டு மூன்று வீடுகள் மறைந்துவிடும்.

வீட்டு அளவில் தெரிய வேண்டுமென்றால் வருவாய்த் துறை ஆவணங்களுக்குப் போக வேண்டும். கிராம வரைபடம், ஒவ்வொரு புலத்துக்கும், அதாவது சர்வே எண் கொண்ட நிலத்துண்டுக்கும், ஒரு பக்கமாக இருக்கும் புலப்படம், அந்தப் புல எண் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேடு. அதில் ஏரி, வாய்க்கால், ஓடை, நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்), மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்) என்று எழுதியிருக்கும். சென்னை நகர எல்லைக்குள் நகர நில அளவை வந்துவிட்டதால் வார்டு, பிளாக், டி.எஸ். (டவுன் சர்வே) எண் என்று மாறியிருக்கும். பழைய புல எண்ணுக்கு இப்போதைய டி.எஸ். எண் எது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறுங்கள். டோப்போ தாள் எங்கே தோண்டுவது என்று காட்டும், புலப்படம் தோண்டித் தரும்.

"மாம்பலத்துல அவ்வளவு பெரிய ஏரி இருந்துச்சுன்னு சொல்றாங்க, நம்பவே முடியலையே?"

நானும் முதலில் நம்பவில்லை. 1920-களுக்கு முந்தைய எந்த வரைபடத்தை எடுத்தாலும் அது இருக்கிறது. நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகத் தெற்கே அடையாற்றை நோக்கி நீளமாக வளைந்து கிடக்கிற நீர்ப்பரப்பு. ஆங்கிலத் தாள்களில் 'லாங் டேங்க்' என்று போட்டிருக்கும். 1920-களில் அதன் மாம்பலம் பகுதியை வடியவைத்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். வடக்கே நுங்கம்பாக்கம் ஏரியாக மீதியிருந்த பகுதியும் பின்னால் மனைகளானது. வள்ளுவர் கோட்டம் நிற்பது அந்த ஏரி நிலத்தில்.

பழைய தாளையும் இன்றைய தெருப் படத்தையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் சில பெயர்கள் பேச ஆரம்பிக்கின்றன. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. இன்று அங்கே நின்று எந்த ஏரியையும் பார்க்க முடியாது, ஆனால் ஒரு காலத்தில் அது ஏரியைப் பார்த்த கரை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. மழைக்காலத்தில் தி. நகரில் எந்தெந்த முனையில் தண்ணீர் முதலில் தேங்குகிறது என்று அங்கே கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு பழைய தாளைப் பாருங்கள். நான் இதை ஒரு நவம்பரில் பள்ளிப் பிள்ளைகளோடு செய்தேன். ஒரு பெண் தன் அப்பாவின் கடை வாசலைத் தாளில் தேடிக் கண்டுபிடித்து, விரலை எடுக்காமல் அப்படியே வெகுநேரம் வைத்திருந்தாள்.

"மேடு பள்ளம் காட்டும்னு சொன்னீங்க. எங்க பக்கத்துத் தாள்ல ஒரு காண்டூர் கோடுகூட இல்லையே?"

இருக்காது. 1:50,000 தாளில் சம உயரக் கோடுகள் வழக்கமாக 20 மீட்டருக்கு ஒன்று, அங்குலத் தாளில் 50 அடிக்கு ஒன்று. சைதாப்பேட்டைக்குக் கிழக்கே ஆற்றோரம் முழுக்க அந்த முதல் கோட்டுக்கும் கீழே கிடக்கிற சமதரை. பரங்கிமலையைச் சுற்றித்தான் பழுப்புக் கோடுகள் நெருக்கமாக வளையம் போடும். கோடு இல்லை என்றால் மேடு பள்ளமே இல்லை என்று பொருள் கிடையாது, அந்தச் சல்லடையில் அது சிக்கவில்லை, அவ்வளவுதான். வெள்ளத்தில் அரை மீட்டர் வித்தியாசம் என்பது வாசலுக்கும் கட்டிலுக்கும் உள்ள வித்தியாசம்.

அப்போது வேறு அடையாளங்களைப் பிடிக்க வேண்டும். முதலாவது, நீலத்தைப் பற்றிய பதிலில் சொன்ன ஏரிக்கரை. கரையை எப்போதும் பள்ளப் பக்கத்தில்தான் கட்டுவார்கள், மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும். வில்லின் வயிறு எந்தப் பக்கம் புடைத்திருக்கிறதோ அந்தப் பக்கம் நிலம் இறங்குகிறது. நம் படுகையில் அது பெரும்பாலும் கிழக்கே பார்த்திருக்கும். பத்து ஏரிகளின் வில்லைப் பார்த்தால் அந்த வட்டாரத்தின் சரிவு கையில் வந்துவிடும். இரண்டாவது, ஆங்காங்கே புள்ளி வைத்து எழுதியிருக்கும் உயர எண்கள். மூன்றாவது, பழைய நத்தம். ஊரை உண்டாக்கியவர்கள் மேட்டில்தான் குடியேறினார்கள். கோயிலும் பழைய தெருக்களும் இருக்கிற இடம் வட்டாரத்திலேயே உயரமாக இருக்கும். 2015-ல் பல ஊர்களில் பழைய தெரு தப்பியது, புது நகர் மூழ்கியது.

"ஊர்ப் பேரெல்லாம் தப்புத் தப்பா எழுதியிருக்கானே, இதை எப்படி நம்புறது?"

காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள். மாம்பலம் 'மார்மலாங்' ஆனது அப்படித்தான். சைதாப்பேட்டையில் 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் கட்டிக்கொடுத்த பாலத்தின் பெயர்கூட மார்மலாங் பாலம்தான். இன்று அதே இடத்தில் மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. உஸ்கான் வைத்த கல்வெட்டு பக்கத்தில் இன்னும் இருக்கிறது. எழுத்துப் பிழையை வாய்விட்டு உரக்கப் படியுங்கள், ஊர் தெரிந்துவிடும்.

பெயரின் வால் எனக்கு ரொம்ப முக்கியம். ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல் இரண்டிலும் 'தாங்கல்' இருக்கிறது. தாங்கல் என்றால் சின்ன ஏரி. தண்ணீர் போயும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. திருநீர்மலைக்குத் திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததால் வடியும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார் என்பது தலபுராணம். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் வந்து அடையாற்றில் கலக்கிற இடம் அந்த மலைப்பக்கம்தான். புராணத்தை ஆதாரமாக நான் காட்டவில்லை. அந்த இடத்தின் சுபாவம் ஊராருக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

"என் தாள்ல எந்த வருஷம்னு மூலையில கிழிஞ்சுபோச்சு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தாளிலேயே கடிகாரம் இருக்கிறது. தி. நகரின் தெருக்கள் இல்லையென்றால் 1920-களுக்கு முந்தைய அளவை. முகத்துவாரத்துக்குச் சற்று மேலே ஒரே ஒரு பாலம், அதாவது பழைய எல்பின்ஸ்டன் பாலம் மட்டும் இருந்தால் 1973-க்கு முந்தையது. திரு.வி.க. பாலம் வந்தது அந்த ஆண்டு. மைல், அடி என்று இருந்தால் அங்குலத் தாள், மீட்டர் என்றால் பின்னது.

மூலை கிழியாமல் இருந்தாலும் கவனம் வேண்டும். அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. 'திருத்திய பதிப்பு' என்று போட்டிருந்தால் சாலையை மட்டும் திருத்திவிட்டு ஏரியைப் பழையபடியே விட்டிருக்கவும் கூடும்.

"1930 தாள்ல ஏரி இருக்கு, 1970 தாள்ல இல்லை. அப்போ எந்த வருஷம் போச்சு?"

இடைப்பட்ட காலத்தில் என்றுதான் தாளை வைத்துச் சொல்ல முடியும். அந்த இடைவெளியைக் குறுக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்களை 1995-ல் பொதுவில் விட்டுவிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள். கரையின் வளைவு அவற்றில் அழகாகத் தெரியும். அதற்குப் பிந்தைய காலத்துக்கு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. மனைப் பிரிவு எப்போது வந்தது என்று பழைய பத்திரங்களிலும் பார்க்கலாம். முந்தைய பதிலில் சொன்ன அளந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு வித்தியாசத்தை முதலில் கழித்துக்கொள்ளுங்கள்.

"ஸ்கேன் பண்ணி கூகுள் எர்த்ல ஏத்தினேன். எங்க வீடு ஆத்துக்கு நடுவுல நிக்குது. அப்போ ஆத்தைத் தூர்த்துத்தான் கட்டினாங்களா?"

அவசரப்பட்டு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நான் பார்த்தவரை, இப்படி வருகிற பத்தில் எட்டு, படத்தை உட்காரவைத்ததில் வந்த பிழை.

பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் பெயரால் வழங்கும் 1830 கணக்கைக் கொண்டவை. உங்கள் போனில் இருப்பது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு கணக்கு. தாளின் ஓரத்திலுள்ள பாகைகளை அப்படியே போனில் போட்டால் நம் ஊரில் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். அடையாற்றின் அகலத்துக்கு அது போதும், வீடு ஆற்றில் விழுந்துவிடும். 19-ம் நூற்றாண்டுத் தாள் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. அப்போது நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வு நிலையத்தை வைத்துத்தான் தீர்க்கரேகை கணக்கிட்டார்கள். 1792-ல் கட்டிய அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அந்த இடத்தின் தீர்க்கரேகையை 80 பாகை 18½ கலை என்று எடுத்துக்கொண்ட தாள்கள் உண்டு. உண்மையில் அது 80 பாகை 15 கலைக்கும் சற்றுக் குறைவு. தரையில் 6 கிலோமீட்டருக்கும் மேல் வித்தியாசம்.

அதனால் ஓரத்துப் பாகைகளை நம்பி உட்காரவைக்காதீர்கள். இடம் மாறாத பொருள்களைப் பிடியுங்கள். சின்னமலை தேவாலயம், பரங்கிமலை உச்சி, சைதாப்பேட்டை காரணீஸ்வரர் கோயில் குளத்தின் நான்கு மூலைகள், ரயில் பாதை வாய்க்காலைக் கடக்கும் இடங்கள். படத்தை இப்படி உட்காரவைக்க உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். குறைந்தது எட்டுப் புள்ளிகள் கொடுங்கள், ஆற்றின் இரண்டு பக்கமும் இருக்கட்டும். எல்லாப் புள்ளியையும் வடகரையிலேயே வைத்துவிட்டுத் தென்கரை கோணிக்கொண்டு போகிறது என்று ஒருமுறை மூன்று நாள் திண்டாடினேன்.

"சரி, ஆறு நிஜமாவே இடம் மாறலையா?"

சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வளைவுகள் பெரிதாக மாறவில்லை, குறுகியிருக்கின்றன. முகத்துவாரம் மாறிக்கொண்டேதான் இருக்கும். அலை மணலைத் தள்ளி வாயை அடைக்கும், வெள்ளம் வந்து உடைக்கும். ஒவ்வொரு தாளிலும் மணல்திட்டு வேறு வேறு இடத்தில் இருந்தால் யாருடைய தவறும் இல்லை. அங்கே 1977-ல் இடிந்து இன்னும் பாதியாக நிற்கிற உடைந்த பாலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வாயின் வேகம் தெரியும்.

"2015-ல எங்க வீட்டுக்குத் தண்ணி வந்ததுக்கு இந்தத் தாள்ல பதில் இருக்கா?"

பாதி இருக்கிறது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்குத் திறந்துவிட்ட 29,000 கன அடி நீரைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். மதகை எப்போது திறந்திருக்க வேண்டும் என்பதற்குத் தாள் பதில் சொல்லாது. ஆனால் 66 டி/1-ஐ விரித்துத் திருநீர்மலைக்கு மேற்கே பாருங்கள். செம்பரம்பாக்கத்துக் கால் வடமேற்கிலிருந்து வருகிறது. தென்மேற்கிலிருந்து ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் கலங்கல் நீரெல்லாம் இன்னொரு கையாக வருகிறது. அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அந்த இரண்டாவது கைக்கு மதகும் இல்லை, பூட்டும் இல்லை. நிரம்பினால் வழியும். இந்த இரண்டு கைகளும் சேர்கிற இடத்தைத் தாளில் பார்த்த பிறகு, கீழே ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் அந்த இரவு என்ன நடந்தது என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இதையெல்லாம் எங்கே வாங்குறது? காசு ஆகுமா?"

சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் 1:50,000 'ஓப்பன் சீரீஸ்' தாள்களை பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம். 2005-ல் வந்த வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்தவை இவை. எண் முறை வேறு, 66 சி/4 என்று தேடினால் வராது. இடத்தை வைத்துத் தேடுங்கள். அதற்கு முன் கடலோரத் தாள்கள் கட்டுப்பாட்டில் இருந்ததால் சென்னைக்காரர்கள் தங்கள் ஊர்த் தாளைப் பார்ப்பதே அரிதாக இருந்தது.

பழையவற்றுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அனுமதி வாங்கி உட்கார்ந்து பார்க்க வேண்டும். அமெரிக்கப் படைகள் 1950-களில் அச்சிட்ட 1:250,000 தொடர் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசம். ஆனால் அதில் ஒரு மில்லிமீட்டருக்குக் கால் கிலோமீட்டர், பெரிய ஏரிகளுக்கு மட்டும்தான் உதவும். பட்டா, புலப்படம் இரண்டும் தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில்.

"இந்தத் தாளை வெச்சு கோர்ட்டுக்குப் போகலாமா? இதுல ஏரின்னு இருந்தா பக்கத்து அபார்ட்மென்ட் பட்டா செல்லாதா?"

தாளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அளவைப் பற்றிச் சொன்னேனே, எல்லைத் தகராறுக்கு அந்தத் தடிமன் தாங்காது. சட்டத்துக்கு முன்னால் பேசுவது 'அ' பதிவேடும் புலப்படமும். ஏரி ஆக்கிரமிப்புக்கென்றே 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி முதலில் ஏரியின் எல்லையை அளந்து குறிக்க வேண்டும். டோப்போ தாள் துணை ஆதாரமாக நிற்கலாம், வழக்கறிஞரோடு பேசிவிட்டு எடுங்கள்.

இன்னொன்று. ஏரி நிலத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஆக்கிரமித்தவர்கள் இல்லை. அரசே திட்டம் போட்டு மனை பிரித்துக் கொடுத்த ஏரிகள் உண்டு, மாம்பலம் அதில் ஒன்று. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்து மனை வாங்கியவரிடம் போய் இந்தத் தாளை நீட்டுவதற்கு முன், யார் அங்கீகரித்தது என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

"எங்க ஆயா காலத்துல இருந்து ஆத்தங்கரையிலதான் இருக்கோம். ஆனா எந்த மேப்புலயும் எங்க குடிசை இல்லையே. அப்போ நாங்க அங்கே இருந்ததே இல்லையா?"

சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையிலிருந்து நகருக்கு வெளியே மாற்றப்பட்ட ஒரு குடும்பத்துப் பையன் கேட்டது இது. இருந்தீர்கள். தாளில்தான் இல்லை. நிலையான கட்டடத்தைச் சிவப்புக் கட்டமாகப் போடுவார்கள். ஓலைக் குடிசைக்கும் குறியீடு உண்டு, ஆனால் நகரத்துக்குள் நெருக்கமான இடத்தில் அதற்கு இடம் ஒதுக்கியதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அனகாபுத்தூரில் தறி ஓடிய தெருக்கள் வெறும் சிவப்புக் கட்டம். சைதாப்பேட்டையில் ஆற்றில் கல் போட்டு வெளுத்தவர்களின் துறைக்கு ஒரு புள்ளிகூட இல்லை. தாளில் இல்லை என்பதை ஒருவர் அங்கே வாழவில்லை என்பதற்குச் சான்றாக யாராவது காட்டினால், அது தவறான வாசிப்பு என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்துச் சான்றுகளை நீங்கள் சேர்க்க வேண்டும். பழைய குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சேர்க்கைப் பதிவு, தபால் உறையின் முகவரி எல்லாம் ஆவணம்தான். அதோடு பெரியவர்களை உட்காரவைத்துத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். அந்தப் பையனின் ஆயாவிடம் 66 சி/4-ன் பெரிதாக்கிய பிரதியைக் கொண்டுபோனோம். கண் சரியாகத் தெரியாது அவருக்கு. பாலம் எங்கே என்று மட்டும் கேட்டார். விரலைப் பிடித்துப் பாலத்தின் மேல் வைத்தேன். அங்கிருந்து அவரே நகர்த்தினார். "இதோ துறை. இங்க அரசமரம். இதுக்கப்புறம் எட்டாவது வூடு நம்மளுது." பையன் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, பக்கத்தில் ஆயாவின் பெயரை எழுதினான். அந்தப் பிரதியைத்தான் இப்போது கூட்டங்களுக்கு எடுத்துப்போகிறேன்.